ஆல்பத்தில் இருந்த இன்னொருவர்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆபீஸில் கேட்டார்கள். குளிப்பாட்டுவது, மருந்து அளப்பது, படுக்கிற நேரத்தில் தலை எண்ணுவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். தத்துக் கொடுக்கிற இல்லத்தில் இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘மதர்’ ஆக இருந்தேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன்.

நான் பயந்த சுபாவம். கேட்டைப் பூட்டிவிட்டு வந்து படுத்தால் மூன்று முறை எழுந்து போய் இழுத்துப் பார்ப்பேன். ஒரு பிள்ளை இருமினால் எனக்கு நிமோனியாதான் ஞாபகம் வரும். பிள்ளைகளை வைத்திருக்கும் இடத்தில் பயம் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். பாதி நேரம் நல்லதுதான். மீதி நேரத்தைப் பற்றித்தான் இது.

ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பையனை அமுதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவனுக்கு ஐந்து வயது. இரண்டு காதிலும் மெஷின். மெஷின் போட்டாலும் நம் பேச்சு அவனுக்கு முக்கால்வாசி கிடைக்காது. முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வான். ஐந்து வயது, அதிலும் காது கேளாத பையன் என்றால் கேட்டு வருகிறவர்கள் குறைவு. மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனார்கள். யாரும் சொல்லவில்லை.

நான்காவதாக வந்தவர் தயாளன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற ஆலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். கல்யாணம் ஆகாத தனி ஆள் என்று மனு போட்டிருந்தார். தனி ஆணாக இருந்தால் பையனைத் தத்தெடுக்கலாம், பெண் குழந்தையை முடியாது. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது எங்கள் சோஷியல் ஒர்க்கர் பெண் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். படித்த பெண், என் மகள் வயது, என்னைவிட நூறு மடங்கு தைரியம். வீடு மீஞ்சூரில். இல்லம் இருக்கிற திருவள்ளூரும் மீஞ்சூரும் ஒரே மாவட்டம் என்றுதான் பெயர். ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் போய் லைன் மாறி மறுபடியும் வெளியே வரவேண்டும். நாங்கள் செங்குன்றம் வழியாக பஸ் மாறிப் போனோம்.

மாடி வீடு. காலிங் பெல்லை அமுக்கியதும் உள்ளே கூடம், சமையலறை, படுக்கையறை மூன்றிலும் ஒரு பச்சை பல்பு விட்டு விட்டு எரிந்தது.

“மெஷின கழட்டி வச்சிட்டுத்தான தூங்குவான்,” என்றார் தயாளன், கதவைப் பிடித்துக்கொண்டே. “ஊட்டுக்கு யாரு வந்தாலும் அவனுக்கும் தெரியணும் இல்ல மேடம்.”

பையன் கிடைப்பானா என்றே தெரியாத நாளில் ஒயர் இழுத்து வைத்திருந்தார். எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன். பொம்மை வாங்கி அடுக்கி வைத்திருப்பார்கள், சுவரில் யானை ஒட்டியிருப்பார்கள். பெல்லுக்கு பல்பு வைத்த வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அங்கே இன்னொருவரும் இருந்தார். பெயர் இருதயராஜ். அதே பேட்டையில் வேறு கம்பெனி கேண்டீனில் மாஸ்டர். பெரிய மீசை, அதற்குச் சம்பந்தமில்லாத சின்னக் குரல். அக்கா, காபியா டீயா என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் அடை ஊற்றினார். நான் வழக்கம்போல பாத்ரூம் தாழ்ப்பாள், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனேன். ஒரே கட்டில். பக்கத்தில் புதிதாக வாங்கிய சின்னக் கட்டில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், முதலில் என் புத்தி கெட்ட வழியில்தான் போனது. இரண்டு ஆம்பளைகள் இருக்கிற வீட்டில் வாய் பேசாத பிள்ளையை எப்படி விடுவது என்று நினைத்தேன். கல்யாணமான எத்தனையோ வீட்டில் நடந்த கொடுமைகளைக் கேட்டவள்தான் நான். அங்கெல்லாம் வராத சந்தேகம் அன்றைக்கு வந்தது.

சமையலறைக்குத் திரும்பி வந்து இருதயராஜிடம், “நீங்க அவருக்கு யாரு தம்பி?” என்று கேட்டேன்.

அவர் தோசைத் திருப்பியைக் கழுவிக்கொண்டிருந்தார். “ஆளுக்கு ஒன்னு சொல்லி வச்சிருக்கோம்க்கா. ஊட்டு ஓனருக்கு மாமா பையன். கம்பெனில ரூம்மேட்டு. எங்க சர்ச்சுல யாரும் கேக்கறதில்ல, நானும் போறதில்ல. உங்களுக்கு இன்னா சொல்லணும், சொல்லுங்க.”

“எனக்கு ஒன்னும் சொல்ல வேணாம்பா,” என்றேன்.

பெரிய மனசு பண்ணியதாக அப்போது நினைத்துக்கொண்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டால் அதற்கு நானும் பதில் சொல்ல வேண்டி வரும் என்கிற பயம்தான் அது.

அவராகவே சொன்னார். பதினோரு வருஷமாக ஒன்றாக இருக்கிறார்கள். முன்னால் கும்மிடிப்பூண்டியில் இருந்த வீட்டை, விஷயம் தெரிந்து ஒரே வாரத்தில் காலி பண்ணச் சொன்னார்கள். தத்தெடுக்க மனு போட்டு மூன்று வருஷம் ஆகிறது. முதலில் வீடு பார்க்க வந்த யாரோ ஒருவர், கட்டிலைப் பார்த்துவிட்டுச் செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் இறங்கிப் போனாராம். “ரெண்டு பேரு பேரையும் போட முடியாதாம்க்கா. அதான் அவன் பேர்ல போட்டோம். நான் எலயில ஊறுகா மாதிரி ஓரமா இருந்துக்கறேன்,” என்று சிரித்தார்.

இறங்கும்போது கீழ்வீட்டு அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் வழக்கம்தானே, சோஷியல் ஒர்க்கர் பெண் கேட்டாள்.

“ரெண்டும் தங்கம். ஒரு சத்தம் கிடையாது, தண்ணி கிடையாது. என் மருமவனுக்கு இவங்க சோத்த ஒருவேள போட்டாலாவது புத்தி வருமான்னு பாக்கறேன். கல்யாணந்தான் கட்டிக்க மாட்டேன்றாங்க. கேட்டா சிரிக்கிறாங்க. சிரிச்சா உட்ருவனா, அடுத்த வாரமும் கேப்பேன்.”

பஸ்ஸில் வரும்போது சோஷியல் ஒர்க்கர் பெண், “அக்கா, ரிப்போர்ட்ட நான் பாத்துக்கறேன். நீங்க யார்கிட்டயும் கூட்டியும் சொல்லாதீங்க, குறைச்சும் சொல்லாதீங்க,” என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை. ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கும். படித்துக் காட்டச் சொல்ல எனக்குக் கூச்சம்.

இப்போது ஆல்பத்துக்கு வருகிறேன். பெரிய பிள்ளைகளைக் கொடுப்பதற்கு முன்னால், போகப்போகிற வீட்டிலிருந்து படங்கள் வாங்கி ஒரு ஆல்பம் செய்து பிள்ளைக்குத் தினமும் காட்டுவோம். இதுதான் வாசல், இதுதான் உன் கட்டில், இவர்தான் உன் அப்பா. இல்லாவிட்டால் புது முகத்தைப் பார்த்து மிரண்டுபோகும். ஆல்பம் காட்டுவது என் பொறுப்பு.

அந்த ஆல்பத்தை இருதயராஜ்தான் செய்து அனுப்பினார். மொத்தம் பதினாறு படம். தயாளன் டெஸ்டரோடு நிற்பது, இருதயராஜ் கரண்டியோடு நிற்பது, இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்திருப்பது, பச்சை பல்பு, ஜன்னலில் தெரிகிற ரயில். டாக்டர் சர்டிபிகேட் வர இரண்டு மாசம் இழுத்தது. அந்த இரண்டு மாசமும் தினமும் மத்தியானம் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சோஷியல் ஒர்க்கர் பெண்ணின் போனில் இரண்டு பேரும் முகம் காட்டுவார்கள். அமுதன் தானாகவே இரண்டு சைகை உண்டாக்கிக்கொண்டான். ஸ்க்ரூ திருகுவதுபோல விரலைத் திருகினால் தயாளன். மேல்உதட்டில் விரலை வைத்து இழுத்தால் இருதயராஜ். காலையில் எழுந்ததும் திருகிக் காட்டுவான், உதட்டில் இழுத்துக் காட்டுவான், பிறகுதான் பல் தேய்ப்பது.

பிள்ளையைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்கிற கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள். சோஷியல் ஒர்க்கர் பெண் வேறு கேஸாக ஊத்துக்கோட்டைப் பக்கம் போயிருந்தாள். பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிட்டன. ஆபீஸ் கிளார்க் டீ குடித்துக்கொண்டே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “நாளைக்கு வர்ற தலைவர் பயங்கர ஸ்ட்ரிக்டாம்பா. கல்யாணம் இல்லாம சேந்து வாழ்ற கேஸு ஒன்ன வாசல்லயே வச்சு திருப்பிட்டாராம்.”

உடனே ஆல்பம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கமிட்டி ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும். சோஷியல் ஒர்க்கர் பெண்ணுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. ஒரு தரம்தான் போட்டேன். கேட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள், அன்றைக்கு போனை ஒரு தரம்தான் போட்டேன்.

பிள்ளைகளுக்கு நகம் வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருதயராஜ் தனியாக இருந்த படங்களை அப்படியே உருவினேன். சேர்ந்து இருந்தவற்றில் அவர் பக்கத்தை வெட்டினேன். மாடிப் படத்தில் அவர் கை தயாளன் தோளில் இருந்தது. கையை வெட்டினால் தோளும் போகும். அந்தக் கையை மட்டும் விட்டுவிட்டேன், யார் பார்க்கப்போகிறார்கள் என்று. துண்டுகளைக் குப்பையில் போடப் பயம். கக்கூஸில் போட்டு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

பிள்ளையை வீடு சேர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனையும் செய்தேன்.

மறுநாள் கமிட்டி எங்கள் ஹாலிலேயே கூடியது. தலைவர், ஒரு டாக்டரம்மா, இன்னொரு உறுப்பினர், எங்கள் இன்சார்ஜ் அம்மா, சோஷியல் ஒர்க்கர் பெண். எதிரில் தயாளன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். இருதயராஜ் திருவள்ளூர் வரை வந்திருந்தார், ஆனால் எங்கள் தெருமுனை டீக்கடையிலேயே நின்றுவிட்டார். நான் அமுதனை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் போனது. தலைவர் நல்ல மாதிரியாகவே பேசினார். பச்சை பல்பைப் பற்றி டாக்டரம்மா கேட்டுச் சிரித்தார். பிறகு தலைவர் ஆல்பத்தைக் கையை நீட்டி வாங்கினார்.

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஐந்தாவது பக்கத்தில் நின்றார். “இது யாரு கை?”

ஆல்பத்துக்குப் பொறுப்பு நான். அமுதனை இறக்கிவிட்டு எழுந்து நின்றேன். “அவரு தம்பி சார்.”

தலைவர் பைலைப் பிரித்தார். “கூடப் பிறந்தவங்க யாரும் இல்லன்னு போட்டிருக்கே.” இன்னொரு தாளைத் திருப்பி, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார். “வீட்டு வாடகையைப் பகிர்ந்துகொண்டு உடன் வசிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். குழந்தையிடம் பிரியமாக உள்ளார். இப்படி ரிப்போர்ட்லயே இருக்கு. நண்பர்தானம்மா? நண்பர்னா எதுக்கு வெட்டணும்?”

சோஷியல் ஒர்க்கர் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவள் மறைக்கவே இல்லை. யாரும் நின்று கேள்வி கேட்காதபடி, உண்மையை ஒரு வரியில் சாதாரணமாக எழுதிவைத்துவிட்டாள். நான் வெட்டியதில்தான் அது மறைக்க வேண்டிய சமாச்சாரமாக மாறியது.

அந்த நேரத்தில் அமுதன் என் பக்கத்திலிருந்து நழுவிப் போய் ஆல்பத்தைப் பிடித்து இழுத்தான். தலைவர் கொடுத்துவிட்டார். தரையில் உட்கார்ந்து அவனுக்குத் தெரிந்த பக்கத்தைத் திறந்தான். கரண்டிப் படம் இல்லை. அடுத்த பக்கம் போனான். மறுபடி பின்னால் வந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டுத் துழாவினான். ஆல்பத்தைத் தூக்கி அடியில் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, எல்லாரையும் பார்த்து, மேல்உதட்டில் விரலை வைத்து இழுத்தான்.

தலைவருக்கும் மீசை உண்டு. “என்னையா சொல்றான்?” என்று சிரித்தார்.

“என்னம்மா கேக்கறான்?” என்றார் டாக்டரம்மா என்னிடம்.

“ஒன்னுமில்ல டாக்டரம்மா. சும்மா வெளையாடறான்.”

அமுதன் விடவில்லை. உதட்டில் இழுத்து இழுத்துக் காட்டினான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு தயாளன் முகத்தைப் பார்த்தான். அப்போது தயாளன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். தானும் மேல்உதட்டில் ஒரு இழுப்பு இழுத்து, வாசல் பக்கம் கையைக் காட்டினார். இருக்கிறான், வெளியே இருக்கிறான் என்று. பையன் முகம் தெளிந்தது.

“அவன் வெளையாடல டாக்டர்,” என்றார் தயாளன். “ராஜாவ தேடறான். பதினோரு வருஷமா என்கூட இருக்காரு. ஆல்பம் செஞ்சது அவருதான். இவன் கேட்டத கேக்கவே இல்லன்னு சொல்லி இவன நான் கூட்டினு போவ முடியாது. மொத நாளே பொய்யி ஆரம்பிச்சா, காது கேக்காத புள்ளைக்கி அப்புறம் எவன் நெசத்த சொல்றது?”

“நீங்க தனி ஆள்னு கையெழுத்து போட்டிருக்கீங்க,” என்றார் தலைவர்.

“கல்யாணம் ஆவலன்னு போட்டேன் சார். அது நெசந்தான். ஆவ உடல, அவ்ளோதான்.”

இன்னொரு உறுப்பினர் அதுவரை வாயைத் திறக்காதவர். “நாளைக்கு ஸ்கூல்ல அம்மா எங்கன்னு கேப்பாங்களே. பையன் என்ன சொல்வான்?”

“இப்ப இங்க எத்தினி அம்மா சார் அவனுக்கு? ஷிப்டுக்கு ஒருத்தர்.”

அதில் ஒரு அம்மா நான்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

அமுதனைப் பிள்ளைகள் அறைக்கு அனுப்பி, எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்கள். முக்கால் மணி நேரம். டாக்டரம்மாவின் குரல் இரண்டு தரம் உயர்ந்தது. கடைசியில் இன்சார்ஜ் அம்மாதான் வந்து சொன்னார். சட்டத்தில் இடமில்லை. சேர்ந்து வாழ்கிறவர்களுக்குக் கொடுக்க முடியாது. மனுவில் முழு விவரம் தரவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள், ஆகையால் வேறு பிள்ளைக்கு மனு போடுவதும் இனி கஷ்டம். தயாளன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவன ஒருவாட்டி பாத்துட்டு போலாமா?” என்றார். விதியில் இடமில்லை என்றார் இன்சார்ஜ் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் தெருமுனை வரைக்கும் கூடவே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. இருதயராஜ் சாப்பாட்டு கேரியரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இன்னா சொன்னாங்க?”

“நான் சொல்ட்டேன்,” என்றார் தயாளன்.

“இன்னாத்த சொன்ன?”

“உன்ன சொன்னேன்.”

இருதயராஜ் கேரியரை டீக்கடை பெஞ்சில் வைத்தார். “ஏன்டா. நான் தனியா ரூம் எடுத்துனு போயிருப்பேனே. ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. புள்ள ஊட்டுக்கு வந்தப்பறம் மெல்ல வந்திருப்பேனே. அதுக்கும் தயாராத்தான இருந்தேன்.” என் பக்கம் திரும்பி, “எப்பிடிக்கா பேச்சு வந்துது? யாரு கேட்டாங்க?” என்றார்.

நான் குனிந்து கேரியரின் பிடியைச் சரி செய்தேன்.

“ஆல்பத்த ஆபீஸ்ல யாரோ வெட்டிட்டாங்க. அதுல வந்துது,” என்றார் தயாளன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. யார் வெட்டியது என்று அவருக்குத் தெரியும். ஹாலில் என் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்திருக்கும். நான்தான் வெட்டினேன் என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கேரியரை என் கையில் கொடுத்து, பையனுக்கு எலுமிச்சை சாதம், காரம் போடவில்லை என்றார் இருதயராஜ். செங்குன்றம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

சோஷியல் ஒர்க்கர் பெண்ணுக்கு மெமோ வந்தது. நான்கு மாசத்தில் வேலையை விட்டுவிட்டாள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இன்சார்ஜ் அம்மா மட்டும் ஒருநாள் சொன்னார்: “பயந்தவங்க கையில சாவியக் குடுக்கலாம். கத்தரிக்கோலக் குடுக்கக் கூடாது.” நீங்கள் வெட்டாவிட்டாலும் அந்தத் தலைவர் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பார் என்று கூட வேலை பார்த்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை அவர் தேட வேண்டியிருந்திருக்கும். நான் கையில் கொடுத்துவிட்டேன்.

வருகிறார்கள் என்பதற்குப் பிள்ளைகளுக்கு ஆயிரம் விதமாகச் சைகை காட்டக் கற்றுவைத்திருந்தேன். வரமாட்டார்கள் என்பதற்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. கையை விரித்துக் காட்டினேன். இன்றைக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். அடுத்த நாள் காலையும் திருகிக் காட்டினான், உதட்டில் இழுத்துக் காட்டினான். எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

அதற்கடுத்த மாசம் வாட்ச்மேன் ஒரு சின்ன கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே காது மெஷினுக்குப் போடுகிற பொத்தான் பேட்டரிகள், இரண்டு அட்டை. கொடுத்தவர் பெயர் சொல்லவில்லையாம். அடுத்த மாசமும் வந்தது. அதற்கடுத்த மாசமும். பெயரில்லாத நன்கொடையாக வாங்கி வைத்துக்கொண்டோம். அந்த மெஷின் போடுகிற பிள்ளை எங்கள் இல்லத்தில் அமுதன் ஒருவன்தான்.

ஒன்றரை வருஷம் வேறு யாரும் அவனைக் கேட்டு வரவில்லை. ஆறரை வயது தாண்டியதும், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூட விடுதி ஒன்றுக்கு வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை எனக்கு. அங்கே ஒரு அம்மா படிவம் நிரப்பினார்.

“பையனைப் பாக்க வர்றவங்க, விசாரிக்கறவங்க யாராவது உண்டா?”

இரண்டு பெயர் என் தொண்டை வரை வந்தது. என்ன உறவு என்று கேட்பார்கள். பழைய பைலைத் தேடுவார்கள். அதனால் சேர்க்கை தள்ளிப்போனால்? பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரும் இல்லம்மா,” என்றேன். அவர் கோடு போட்டார்.

அவனை அனுப்பிய பிறகும் கவர் வந்துகொண்டிருந்தது. என் கடைசி மாசத்தில் ஒருநாள் வாட்ச்மேன் லீவு, கேட்டில் நான் நின்றேன். இருதயராஜ் வந்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் தப்பாகிவிடும் என்பதுபோல ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே கவரை நீட்டினார்.

“நல்லா இருக்கானாக்கா?”

“நல்லா இருக்கான்.”

“மெஷின் மாத்திட்டாங்களா? பேட்டரி இதே சைஸுதானா? வேறன்னா சொல்லுங்க, அதையே வாங்கினு வரேன்.”

அவன் இங்கே இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். எந்த ஊர் என்று சொல்லக் கூடாது, விதி. இங்கே இல்லை என்று சொல்வதற்கு எந்த விதியும் குறுக்கே இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

“இதே சைஸுதாம்பா,” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போனார். அந்த மாசக் கடைசியில் எனக்கு ஓய்வு. நான் இப்போது திருநின்றவூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். உங்கள் இல்லத்துக்கு நான் திரும்ப வரவில்லை, வரத் தைரியமும் இல்லை.

எனக்குத் தெரிந்தவரை மாசத்தின் முதல் வாரத்தில், ஷிப்டு முடிந்து வெயில் தாழ்கிற நேரத்தில் அவர் வருவார். இனிமேல் கேட்டில் நிற்கப்போவது உங்களில் ஒருவர். கவரை வாங்காதீர்கள். உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். பிறகு, பையன் வேறு இடத்துக்குப் போய் வெகு நாளாகிவிட்டது என்று சொல்லுங்கள்.